ஒரு வருஷம் வாத்தியாராகப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுக் கிராமப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியராகப் போக நினைப்பவர்கள், பெட்டியில் என்ன எடுத்துப்போவது என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். எத்தனை நாள் இருக்கப்போகிறீர்கள்? இரண்டு வாரம் என்றால் பாடம் நடத்த வேண்டாம். பிள்ளைகளின் பெயர் மனதில் நிற்கவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப 1961-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் பீஸ் கார்ப்ஸ் வழக்கமாக 27 மாதம் கேட்கிறது. அவ்வளவு முடியாவிட்டாலும், ஒரு பள்ளி ஆண்டாவது இருங்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

அனுப்பும் அமைப்பிடம் தயங்காமல் கேளுங்கள்: என்னைக் கேட்டது அந்தப் பள்ளிதானா? நான் வருவதால் அங்கே சம்பளத்துக்கு இருக்கும் யாருடைய வேலையாவது போகுமா? உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்காத அமைப்பு என்றால் விலகிவிடுங்கள். அங்கே யார் வேண்டுமானாலும் குழந்தைகளை நெருங்கலாம் என்று அர்த்தம். அநாதை இல்லம் என்றாலும் வேண்டாம். அங்கிருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் கொண்டுவரும் பணத்துக்காகவே சில இல்லங்கள் நடக்கின்றன.

விசா விஷயத்தில் நான் சூடுபட்டவன். "சுற்றுலா விசா போதும்" என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னதை நம்பிப் போனேன். சம்பளமில்லாத வேலைக்கும் பல நாடுகளில் அனுமதி வேண்டும். குடியேற்ற அலுவலக வாசலில் பத்து நாள் போயிற்று. அந்த நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று தேவையென்றால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

சரி, வகுப்பறை. முதல் வாரம் எதையும் நடத்தாமல் பின்வரிசையில் உட்காருங்கள். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று அவர்கள் மொழியிலேயே வாசிக்கச் சொல்லுங்கள். ஓர் உள்ளூர் ஆசிரியர் கூட இருக்கட்டும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்த இந்த முறை இன்று ஜாம்பியா அரசுப் பள்ளிகளிலும் நடக்கிறது. என் நான்காம் வகுப்பில் பாதிப்பேர் 'சொல்'லிலேயே நின்றார்கள். நானோ இலக்கணப் பயிற்சித் தாள்களோடு போயிருந்தேன்! மறுநாளிலிருந்து தினம் ஒரு மணி நேரம், எந்த வகுப்பு என்று பார்க்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரித்தோம்.

கூரை தகரம் என்றால் மழைக்கென்று தனிப் பாடம் வைத்திருங்கள். மழை பிடித்ததும் தொண்டை கிழியக் கத்தினாலும் முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. நான் வாயே திறக்காமல் பலகையில் ஒரு கணக்கு எழுதிச் சாக்பீஸை நீட்டுவேன். வாங்குகிறவர் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அடுத்த கணக்கை எழுதி இன்னொருவரிடம் நீட்ட வேண்டும். சத்தமாகப் பேசப் பயந்த பிள்ளைகள்தான் அதில் முதலில் ஓடி வந்தார்கள்.

மடிக்கணினியில் நான் படக்கதை காட்டிய அன்று, என்னோடு வகுப்பெடுத்த ஆசிரியை மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் போனபின் இதை நான் எதில் காட்டுவது?" அன்றோடு அதை மூடிவைத்தேன். கூழாங்கல், பழைய அட்டை, சாக்பீஸ், அவ்வளவுதான். பாடத்தை இருவரும் சேர்ந்து யோசித்தோம். மூன்றாம் மாதத்திலிருந்து அவர் நடத்த, நான் நோட்டுத் திருத்தினேன். எந்தப் பிள்ளை எந்த நிலையில் என்று எழுதிய நோட்டும் கிளம்பும்போது அவரிடமே இருந்தது.

இப்போது பெட்டி. நெற்றியில் கட்டும் விளக்கு, இரண்டு ஜோடி செருப்பு. நோட்டும் பென்சிலும் அங்கே பக்கத்து ஊரிலேயே வாங்குங்கள், அந்தக் கடைக்காரரும் பிழைக்கட்டும். அப்புறம் ஒரு காற்றடிக்கும் பம்பு. வருகிறவர்கள் எல்லாரும் பந்து கொண்டுவருகிறார்கள். நான் போனபோது அலமாரியில் ஏழு பந்துகள் இருந்தன, ஏழிலும் காற்றில்லை.