போர்க்கால வானொலிக் குரல்களைப் பற்றி எழுதுவது எப்படி?

எதிரிப் படையினரிடம் வானொலியில் பேசிய ஒருவரைப் பற்றி நினைவுக் கட்டுரை எழுதப் போகிறீர்களா? முதலில் அவருடைய இயற்பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதும் நான் எப்போதும் அங்கேதான் தொடங்குவேன். சர்வதேச ஊடகங்கள் தலைப்பில் போடுவது பெரும்பாலும் கேட்டவர்கள் சூட்டிய பட்டப்பெயர். அதைப் போடாமல் முடியாதென்றால், யார் சூட்டியது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

உதாரணத்துக்கு, 'டோக்கியோ ரோஸ்' என்று உலகம் அறிந்த இவா டோகுரி. அவர் 1916 ஜூலை 4 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த அமெரிக்கக் குடிமகள். 1941இல் உடல்நலமில்லாத அத்தையைப் பார்க்க ஜப்பான் போனவர், அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டதால் அங்கேயே சிக்கிக்கொண்டார். குடியுரிமையைத் துறக்கச் சொல்லி நெருக்கினார்கள், மறுத்துவிட்டார். ஜப்பானிய அரசு வானொலியான ரேடியோ டோக்கியோ எதிரிப் படையினருக்காக நடத்திய 'ஜீரோ அவர்' நிகழ்ச்சியில் அவர் தன்னை 'ஆர்ஃபன் ஆன்' என்றுதான் அழைத்துக்கொண்டார். 'டோக்கியோ ரோஸ்' என்பது பசிபிக் போர்முனையில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பல பெண் குரல்களுக்கும் பொதுவாக வைத்த பெயர். பழி மட்டும் இந்த ஒருத்தியின் தலையில் விழுந்தது.

அடுத்து, போருக்குப் பின் அமெரிக்காவில் அவர்மீது நடந்த தேசத்துரோக வழக்கு போன்றதை எழுதும்போது, வழக்கின் முழுக் கதையையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். 1949இல் எட்டுக் குற்றச்சாட்டுகளில் ஒன்றே ஒன்றில்தான் டோகுரி குற்றவாளி எனத் தீர்ப்பானது: கப்பல்கள் மூழ்கியதைப் பற்றி ஒலிவாங்கியில் பேசினார் என்பது. 10 ஆண்டுச் சிறை, 10,000 டாலர் அபராதம். 1956இல் வெளியே வந்தார். பொய்ச் சாட்சி சொல்லும்படி தங்களை மிரட்டினார்கள் என்று முக்கியச் சாட்சிகள் இருவர் 1976இல் 'சிகாகோ டிரிபியூன்' நிருபரிடம் ஒப்புக்கொண்டார்கள். 1977 ஜனவரி 19 அன்று அதிபர் ஃபோர்டு மன்னிப்பு வழங்கினார். தண்டனையைத் தலைப்பிலும் மன்னிப்பைக் கடைசி வரியிலும் வைத்தால், வாசகர் மனத்தில் தண்டனைதான் நிற்கும். 2006இல் அவர் இறந்தபோதும் பல தலைப்புகளில் அந்தப் பட்டப்பெயரே வந்தது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

ஒலிப்பதிவு கிடைத்தால் கட்டாயம் கேளுங்கள். சிப்பாய்களின் நினைவில் வளர்ந்த வசனத்துக்கும் உண்மையில் ஒலிபரப்பானதற்கும் இடைவெளி பெரிது.

அதற்காக எல்லோரையும் வெள்ளையடிக்கக் கூடாது. நாஜி ஜெர்மனியின் வானொலியில் பிரிட்டனை நோக்கிப் பேசி, 'லார்ட் ஹா ஹா' எனப்பட்ட வில்லியம் ஜாய்ஸ் விரும்பியே 1939இல் ஜெர்மனி போன பாசிஸ்ட். தேசத்துரோகத்துக்காக பிரிட்டனில் 1946 ஜனவரி 3 அன்று தூக்கிலிடப்பட்டார். கேலிப் பெயர் அவரை வேடிக்கை மனிதராக்கிவிடுகிறது. அவருடைய யூத வெறுப்பைத் தெளிவாக எழுதுங்கள்.

இரு நாட்டு ஊடகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வியட்நாம் போரின்போது வட வியட்நாம் வானொலியில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆங்கிலத்தில் பேசி, 2016இல் ஹோ சி மின் நகரத்தில் இறந்த திரின் தி ங்கோ, அமெரிக்கர்களுக்கு 'ஹனோய் ஹன்னா'. வியட்நாம் வானொலிக்கோ தங்கள் அறிவிப்பாளர். அமெரிக்கப் படையின் 'ஸ்டார்ஸ் அண்டு ஸ்டிரைப்ஸ்' நாளிதழிலிருந்தே அவர் செய்திகளை எடுத்து வாசித்தார் என்ற தகவலை விட்டுவிடாதீர்கள். பிரசாரம் எப்படி உண்மையையே கருவியாக்கியது என்பது அதில்தான் புரியும்.

அமெரிக்கப் படையெடுப்பின்போது ஈராக்கின் செய்தித்துறை அமைச்சராக இருந்த முகமது சயீத் அல் சஹாஃப் போன்றவர் என்றால், 2003இல் அவர் சொன்ன ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் அன்று பாக்தாதில் நடந்ததைத் தேதியோடு போடுங்கள்.