கொழும்பில் தனி ஹார்ப் இசையைப் பதிவு செய்யும் முறை

மேலைநாட்டு யாழான ஹார்ப்பின் நரம்பைச் சுண்டியதும் எழும் ஒலி, வாசிப்பவர் கையால் அணைக்காதவரை, சில விநாடிகள் தேய்ந்துகொண்டே போய்த்தான் மறையும். தனி ஹார்ப் பதிவின் அழகு பெரும்பாலும் அந்தத் தேய்விலேயே இருக்கிறது. கொழும்பில் முதலில் கெட்டுப்போவதும் அதுவே.

ஆகையால் கருவிகளுக்கு முன்பாக நேரத்தையும் இடத்தையும் தீர்மானிக்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் ஒருபுறம் காலி வீதியும் மறுபுறம் கரையோர ரயிலும் இருப்பதால் பகற்பொழுது பயன்படாது. விடியலில் காகங்கள் தொடங்கிவிடும். தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் முச்சக்கர வண்டி பெத்தோவனின் மெட்டோடு தெருவில் திரும்பினால், நீங்கள் பதியும் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் இசைக்குள் பெத்தோவன் புகுந்துவிடுவார். நள்ளிரவுக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரமே நம்பகமானது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து வொல்வெண்டால் தேவாலயம் போன்ற தடித்த சுவர்கொண்ட ஒல்லாந்தர் காலக் கட்டிடம் ஒன்றில் அனுமதி கிடைத்தால், அங்கே முழக்கம் நீளும் என்பதை நினைவில் கொண்டு மைக்குகளைச் சற்று நெருக்கி வைக்கலாம்.

அடுத்த எதிரி ஈரப்பதம். கச்சேரி ஹார்ப்பின் 47 நரம்புகளில் மேலே உள்ளவை பொதுவாக நைலோன், நடுவில் உள்ளவை விலங்குக் குடலில் செய்தவை, அடியில் உள்ளவை உலோகக் கம்பிகள். இம்மூன்றும் நமது கடற்காற்றுக்கு ஒரே மாதிரி இணங்குவதில்லை. நாள் முழுவதும் ஏசியை ஓடவிட்டு, அதன் இரைச்சலுக்காகப் பதிவு வேளையில் மட்டும் நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. அறையின் ஈரம் ஏற ஏறச் சுருதி நழுவும். முதல்நாளே ஹார்ப்பை அந்த அறையில் வைத்து, ஏசி இல்லாமலே பழகவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை சுருதியைச் சரிபார்ப்பதே நல்லது. குடல் நரம்புகளில் ஒரு மாற்றுத் தொகுதி கையில் இருக்கட்டும். நள்ளிரவில் அறுந்தால் கடைக்கு ஓடி வாங்கக்கூடிய பொருள் அல்ல அது.

பெடல் சத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய கச்சேரி ஹார்ப்பின் அடிப்படையான, பிரெஞ்சு இசைக்கருவி வினைஞர் எரார் 1810இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, ஏழு பெடல்கள் ஒவ்வொன்றும் மூன்று நிலைகளில் நின்று சுரங்களை அரைச்சுரம் ஏற்றியும் இறக்கியும் தருகின்றன. நம் பழைய வில்யாழுக்கு முன்தூண் கிடையாது. ஹார்ப்பிலோ அந்தத் தூணுக்குள்ளேதான் பெடல்களின் கம்பிகள் ஓடுகின்றன. எனவே மிதிக்கும் சத்தம் தரையில் மட்டுமன்றி ஹார்ப்பின் கழுத்துப் பகுதிவரை கேட்கும். பெடல்களைச் சுற்றியுள்ள கம்பளி உறை தேய்ந்திருந்தால் முன்கூட்டியே மாற்றி, அடியில் தடித்த விரிப்பை இட்டு, மெல்லிய அடிகொண்ட காலணியோடு வாசிக்கச் சொல்லுங்கள். நரம்பு அதிர்ந்துகொண்டிருக்கையில் பெடலைத் தயங்கித் தயங்கி மாற்றினால் எழும் கரகரப்பை எந்த மென்பொருளாலும் சுத்தமாக நீக்க இயலாது. அதை மீண்டும் வாசிப்பதே வழி.

இரண்டு கண்டென்சர் மைக்குகளை, தலைகளுக்கிடையே 17 சென்டிமீற்றரும் 110 பாகைக் கோணமும் விட்டு, ஹார்ப்பிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் தள்ளி, வாசிப்பவரின் தோள் உயரத்தில் நிறுத்தித் தொடங்கலாம். ஹார்ப்பின் உடலான ஒலிப்பெட்டியின் பின்துளைகளை நெருங்கினால் அடிச்சுரங்கள் மொத்தையாகிவிடும். எல்லா நரம்புகளையும் வாரி வருடும் கிளிசாண்டோ பெரும்பாலும் அதிக உரப்பாக இருக்கும். அதை வாசிக்கச் சொல்லி, பதிவுக் கருவியின் அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். 24 பிட் பதிவில் அந்த இடைவெளியால் நட்டம் எதுவும் இல்லை.

இறுதிச் சுரத்துக்குப் பின் ஒருவரும் அசையக் கூடாது. ஒலி அடங்கிவிட்டது என்று தோன்றிய பிறகும் பத்து விநாடிகள் பொறுத்திருங்கள். வெற்று அறையின் ஒலியையும் அரை நிமிடம் தனியே பதிந்துகொள்ளுங்கள். தொகுக்கும்போது ஒட்டுப்போட அது தேவைப்படும். வெட்டுவதானால் தேயும் ஒலியின் நடுவில் வெட்டாமல், அடுத்த சுரம் சுண்டப்படும் கணத்துக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கூடியவரை தொடாதீர்கள். அது விசிறியின் ஓசையோடு தேய்வின் நுனியையும் சேர்த்து விழுங்கிவிடும்.