"கையெழுத்து சரியில்லை" என்று ஒரு குழந்தை அனுப்பப்படும்போது

அன்றாட வேலைகளைச் செய்வதில் உள்ள தடைகளைக் களைய உதவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பள்ளியில் பணிபுரியும்போது, அவரிடம் ஆசிரியர்கள் கொண்டுவரும் குறைகளில் கையெழுத்தே அடிக்கடி முன்னால் நிற்கும். "கையில் வலு இல்லை, பயிற்சி கொடுங்கள்" என்று முடிவையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். அதை அப்படியே ஏற்காமல், அந்தக் குழந்தை வகுப்பில் எதைச் செய்ய வேண்டியிருக்கிறது, அது எந்த இடத்தில் தடைப்படுகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

தனியறைச் சோதனைக்கு முன், எழுத்து வேலை நடக்கும் ஒரு பாடவேளை முழுவதும் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். கால் தரையில் படுகிறதா, மறுகை நோட்டைப் பிடித்திருக்கிறதா, ஒரு வரியை எழுத எத்தனை முறை கரும்பலகையை நிமிர்ந்து பார்க்கிறது, எத்தனையாவது வரியில் எழுத்து சிதையத் தொடங்குகிறது என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நோட்டின் தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். எழுத்துகள் மறுபுறம் புடைத்திருந்தால், அங்கே வலு குறையவில்லை. அழுத்தத்தை அளவோடு செலுத்துவதுதான் கைகூடவில்லை.

அடுத்து, ஒரே சொற்களைப் புத்தகத்தைப் பார்த்தும், கரும்பலகையைப் பார்த்தும், சொல்வதைக் கேட்டும் எழுதச் சொல்லுங்கள். கரும்பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் பிழை வந்தால் முதலில் கண் பரிசோதனை செய்யப்பட வேண்டும். கேட்டு எழுதும்போது மட்டும் தடுமாறினால் அது ஒலியும் எழுத்தும் சேரும் இடத்துச் சிக்கல் என்று கருதி, கற்றல் சிரமமுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியருடன் அமர்ந்து பேச வேண்டும். விரல் பயிற்சி அதற்கு உதவாது. மூன்று சுழி 'ண' இரண்டு சுழியாகிவிடும் குழந்தையிடம் அட்டைகளைப் பரப்பி அந்த எழுத்தை எடுக்கச் சொல்லுங்கள். சரியாக எடுத்து, மணலில் பெரிதாகவும் சரியாக எழுதினால், எழுத்தை அது அறிந்திருக்கிறது. சிறிய இடத்துக்குள் சுழிகளை அடக்குவதில்தான் சிரமம்.

செரில் மாட்டிங்லி, மொரீன் ஃப்ளெமிங் என்ற ஆய்வாளர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் சிந்தனையை ஆராய்ந்து, நோய்க்கூறு சார்ந்தது, மனிதரோடு உறவாடுவது, சூழலையும் வருங்காலத்தையும் எண்ணுவது என அதன் இழைகளைப் பிரித்துக் காட்டினார்கள். முதல் இழையை மட்டும் பற்றிக்கொண்டு நான் தவறியிருக்கிறேன். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு ஆறு வாரம் விரல் பயிற்சி கொடுத்தும் எழுத்து மாறவில்லை. பெஞ்சிலிருந்து அவன் கால்கள் தொங்கிக்கொண்டிருந்ததை நான் முதல் நாளே பார்த்திருந்தும் பொருட்படுத்தவில்லை. காலடியில் ஒரு மரப்பலகை வைத்த வாரத்திலேயே அவன் பக்கத்தின் கடைசி வரிவரை எழுதினான்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் ஐந்து நிமிடத்தில் எத்தனை சொற்கள் எழுதுகிறது என்று எண்ணிவைத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். இலக்கையும் வகுப்பின் மொழியிலேயே எழுதுங்கள். "பிடிவலிமை கூடும்" என்பது ஆசிரியருக்கு எதையும் சொல்லாது. "மணி அடிப்பதற்குள் வீட்டுப்பாடக் குறிப்பை எழுதி முடிப்பான்" என்பதை அவரே சரிபார்க்கலாம்.

பல மாற்றங்களுக்குப் பின்னும் வேகம் கூடவில்லை என்றால், இனி எழுத்தைத் திருத்துவதா, எழுதும் சுமையைக் குறைப்பதா என்று பெற்றோருடன் சேர்ந்து முடிவெடுங்கள். உயர் வகுப்பை நெருங்கும் குழந்தைக்கு நான் இரண்டாவதையே முதலில் எண்ணுவேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் படிப்பது, எழுதுவது போன்றவற்றில் மட்டும் வரும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (specific learning disability) என்பதையும் உள்ளடக்கியது. உரிய சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரமும் குழந்தை சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுத்தரின் உதவியும் கேட்கலாம். அந்தச் சான்றிதழுக்கான வேலையைத் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள்.