ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: ஜோடி நாய்களைத் தத்தெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

காப்பகங்களில் சில நாய்களைப் பிரித்துத் தர மாட்டார்கள். எடுத்தால் இரண்டையும் எடுங்கள் என்பார்கள். நம் தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்து ஆட்கள் உடனே கேட்பது, "இப்போதைக்கு ஒன்றைக் கொடுங்கள், தை அறுப்பு முடிந்ததும் இன்னொன்றுக்கு வருகிறேன்" என்பதுதான். இந்தப் பேரம் வேண்டாம். துணையைப் பிரிந்து வந்த நாய் பல நேரம் தட்டைத் தொடாது, ராத்திரி முழுக்கக் கதவைப் பிறாண்டும். அதைப் பார்த்துவிட்டு, "இது சரிப்படாது" என்று திருப்பிக் கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கு இடமில்லை என்றால் தனியாக இருக்கப் பழகிய நாயைக் கேளுங்கள்.

அதே சமயம், ஒரே கூண்டில் இருப்பதெல்லாம் ஜோடி இல்லை. இடம் போதாமல் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் பத்து நிமிடம் வெளியே நடத்திப் போகச் சொல்லிவிட்டு மற்றதைக் கவனியுங்கள். வாசலையே பார்த்துத் தவிக்கிறதா, இல்லை நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கிறதா?

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்த தவறு சாப்பாட்டில். என் ஜோடி நாய்களான கறுப்பனுக்கும் செவலைக்கும் ஒரே தாம்பாளத்தில் சோறு வைத்தேன். சேர்ந்து தின்பது பார்க்க அழகாக இருந்தது. ஒரு மாதத்தில் செவலைக்கு விலா எலும்பு தெரிந்தது. கறுப்பன் முறைக்கக்கூட இல்லை. வேகமாகத் தின்றான், அவள் ஒதுங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அப்புறம் ஒரு தட்டு திண்ணையில், ஒரு தட்டு கொல்லையில் என்று மாற்றினேன், தேறிவிட்டாள். தனித்தட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் முதலில் தெரிவது சாப்பிடாமல் இருப்பதுதான். ஒரே தட்டில் வைத்தால் யார் சாப்பிடவில்லை என்பதே தெரியாது.

"ஒன்றுக்கொன்று துணை இருக்கிறதே" என்று நாம் விலகிக்கொள்வதும் தவறு. இரண்டும் தமக்குள்ளேயே வாழ்ந்துகொண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத நாய்களாகிவிடும். ஒவ்வொன்றையும் தினமும் பதினைந்து நிமிடமாவது தனியாக நடத்திப் போய்ப் பெயர் சொல்லிப் பழக்குங்கள். தனியாக இருந்தால் பயந்து திரும்பும் நாய்கூட, ஜோடி சேர்ந்தால் துணிந்துவிடும். அறுத்த வயலில் வாத்துக் கூட்டம் மேயும் ஊர் இது. இரண்டும் உள்ளே பாய்ந்தால் வாத்துக்காரருக்கு எவ்வளவு நஷ்டம்! வரப்போரம் வைத்த எலி மருந்தும் நாயைக் கொல்லும். வயல் பக்கம் போனால் இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு கட்டாயம்.

ஆணும் பெண்ணுமாக இருந்தால், கூடப் பிறந்தவை என்று நம்பி விட்டுவிடாதீர்கள், அவையும் இணையும். கருத்தடை செய்த பிறகும் சில வாரங்களுக்கு ஆண் நாயால் குட்டி உண்டாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. அறுவை முடிந்து பத்து நாளாவது ஓடிப் பிடித்து விளையாட விடக்கூடாது. அதற்காக வேறு வீட்டில் கொண்டுபோய்க் கட்டவும் வேண்டாம். நாங்கள் நடுவில் ஒரு மூங்கில் தட்டியை வைத்தோம். பார்த்துக்கொள்ளவும் முகர்ந்துகொள்ளவும் அதுவே போதுமாக இருந்தது. வெறிநோய்த் தடுப்பூசி ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குறித்து வையுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போகும்போது இரண்டையும் சேர்த்தே கூட்டிப் போனால் பயம் குறையும்.

சொல்ல மனம் வராத ஒன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் போகாது. முதலில் போவதைப் புதைப்பதற்கு முன், மற்றதை அருகில் விட்டு முகர்ந்து பார்க்க விடுங்கள். இல்லாவிட்டால் அது நாள் கணக்கில் வாசலில் தேடக்கூடும். துக்கத்தை ஆற்றுவதாக நினைத்து அடுத்த வாரமே ஒரு குட்டியைத் தூக்கி வராதீர்கள். மிஞ்சிய நாய் பழையபடி சாப்பிட்டு, தானாக நம்மோடு நடக்க வரும் வரை, அதன் பக்கத்திலேயே படுக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள்.