400 மீட்டர் ஹர்டில்ஸ்: ஸ்டெப் கணக்கை எப்படிப் பிடிப்பது

கல்லூரி அணியில் 400 மீட்டர் ஓடுகிறவரை ஹர்டில்ஸுக்கு, அதாவது தடைதாண்டும் ஓட்டத்துக்கு, மாற்றினால், எல்லோரும் முதலில் தாண்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். தாண்டுவது இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். ஹர்டிலுக்கு ஹர்டில் எத்தனை ஸ்டெப் என்று எண்ணி ஓடுவதற்குத்தான் ஒரு சீசன் போகும். அதனால் எண்ணிக்கையில் இருந்தே தொடங்குங்கள்.

அளவுகள்: புறப்படும் கோட்டிலிருந்து முதல் ஹர்டிலுக்கு 45 மீட்டர். மொத்தம் 10 ஹர்டில், நடுவில் 35 மீட்டர் இடைவெளி ஒன்பது. கடைசி ஹர்டிலிலிருந்து முடிவுக்கு 40 மீட்டர். உயரம் ஆண்களுக்கு 91.4 செ.மீ., பெண்களுக்கு 76.2 செ.மீ.

ஹர்டிலுக்குச் சுமார் 2 மீட்டர் முன்னால் எம்பி, 1.2 மீட்டர் தாண்டி இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மீட்டரில் ஓடிக் கடக்க மிஞ்சுவது 31.8 மீட்டர். அதை 15 ஸ்டெப்பில் கடக்க ஒரு ஸ்டெப் 2.12 மீட்டர் வேண்டும். 14 என்றால் 2.27, 13 என்றால் 2.45. ஒற்றைப்படை எண்ணிக்கையில் எப்போதும் ஒரே கால்தான் முன்னால் போகும். 14 வைத்தால் ஹர்டிலுக்கு ஹர்டில் கால் மாறும். ஆகவே இரண்டு காலாலும் தாண்டும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் பிறகு கற்றுக்கொள்வதே இல்லை.

இனி அவருடைய ஸ்டெப்பை அளக்க வேண்டும். ஷூ அடியில் சுண்ணாம்புத் தூள் தடவி, போட்டி வேகத்தில் ஓடவிட்டு, பத்து ஸ்டெப்பின் தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். இதைப் புதுத்தெம்போடு இருக்கும்போது ஒருமுறையும், 300 மீட்டர் ஓடிக் களைத்த கையோடு இன்னொரு முறையும் செய்யுங்கள். முதல் முறை 2.30 வந்தவருக்கு இரண்டாவது முறை 2.10 வரலாம். கணக்கைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்தான்.

அமெரிக்க ஹர்டில்ஸ் வீரர் எட்வின் மோசஸ் பத்து ஹர்டிலுக்கும் நடுவே 13 ஸ்டெப்பே வைத்து ஓடினார். மோர்ஹவுஸ் கல்லூரியில் இயற்பியல் படித்தபோதே 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 47.64 வினாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். அதைப் பார்த்து உங்கள் மாணவருக்கும் 13-ஐத் திணித்தால், காலை எட்டிப்போட்டுக் குதிகாலில் இறங்குவார். ஒவ்வொரு ஸ்டெப்பும் பிரேக் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

முதல் 45 மீட்டருக்கு ஆண்கள் பெரும்பாலும் 21 முதல் 23 ஸ்டெப் எடுப்பார்கள். இரட்டைப்படை என்றால் எம்பும் கால் பிளாக்கில் (புறப்படும்போது கால் ஊன்றும் கட்டையில்) முன்னால் இருக்க வேண்டும். ஒற்றைப்படை என்றால் பின்னால். இங்கே தவறினால் ஹர்டிலுக்கு முன் கால் தடுமாறும், அந்தத் தடுமாற்றம் கடைசிவரை கூடவே வரும்.

முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு ஹர்டில், அதுவும் தாழ்வாக. பிளாக்கிலிருந்து ஆறு முறை ஓடச் சொல்லி, எம்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் டேப் ஒட்டுங்கள். ஆறும் 30 செ.மீ.க்குள் விழாதவரை இரண்டாவது ஹர்டிலை வைக்காதீர்கள். பிறகு மூன்று, ஐந்து என்று கூட்டலாம். வாரத்தில் ஒரு நாள் 200 மீட்டர் சும்மா ஓடவிட்டு, ஆறாவது ஹர்டிலிலிருந்து தாண்டச் சொல்லுங்கள். உண்மையான பரீட்சை அந்தப் பாதியில்தான்.

ஹர்டிலின் அடிக்கால்கள் ஓடி வருபவர் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். திருப்பி வைத்தால் கால் பட்டாலும் சாயாது, ஆள்தான் விழுவார். அவசரத்தில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். ஓடும் முன் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

வளைவில் இடது கால் முன்னால் போவது நல்லது, லேனின் உள்கோட்டை ஒட்டியே ஓடலாம். வலது கால் முன்னால் போனால், பின்னால் வரும் இடது கால் ஹர்டிலுக்கு வெளியே, அதன் மேல்கட்டைக்குக் கீழாகப் போய்விடக்கூடும். அது தகுதி நீக்கம். அப்படிப்பட்டவர் லேனின் நடுவில்தான் ஓட வேண்டும். தெரியாமல் ஹர்டிலைத் தட்டிவிடுவது குற்றமில்லை.

ஓட்டத்தை போனில் படம்பிடித்து, ஒவ்வொரு ஹர்டிலையும் தாண்டி முன்கால் தரையில் படும் நேரத்தைக் குறியுங்கள். இடைவெளி நேரம் 4.3, 4.4, 4.5 என்று மெல்ல ஏறினால் அது களைப்பு. 4.5-லிருந்து ஒரேயடியாக 4.9 ஆனால், அங்கே கணக்கு உடைந்திருக்கிறது. அடுத்த முறை அதற்கு ஒரு ஹர்டில் முன்பே, தெம்பு இருக்கும்போதே 15-லிருந்து 16-க்கோ 17-க்கோ மாறச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஓடுகிறவரே நோட்டில் எழுதட்டும்: தேதி, எதிர்க்காற்றா பின்காற்றா, இடைவெளிவாரியாக ஸ்டெப், நேரம், எந்தக் கால். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்த பிரிட்டிஷ் வீரர் டேவிட் ஹெமரி 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இதே ஓட்டத்தை 48.12 வினாடியில் வென்று, பிற்பாடு அதே பல்கலைக்கழகத்திலேயே கற்பிக்கவும் செய்தார். உங்கள் மாணவரும் நாளை இன்னொருவருக்குக் கற்பிக்கப் போனால், அந்த நோட்டில் எழுதும் முறையைக் கொடுக்கட்டும், எண்களைக் கொடுக்க வேண்டாம். புதியவருக்கு மறுபடியும் சுண்ணாம்புத் தூளும் டேப்பும்தான்.