286 ஏடி-யில் செனிக்ஸ்: முதலில் கண்ட்ரோலர் கார்டைப் பாருங்கள்

286 சில்லு உள்ள ஐபிஎம் ஏடி வகைக் கணினியில், டாஸில் ஒழுங்காக ஓடும் ஹார்ட் டிஸ்க், அதே பெட்டியில் செனிக்ஸ் (மைக்ரோசாஃப்டின் யூனிக்ஸ்) போட்டால் கண்ணிலேயே படாது. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் கண்ட்ரோலர் கார்டுதான் காரணம்.

டாஸ் எல்லாவற்றையும் பயாஸிடம் (ரோமில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) கேட்டு வாங்கும். கார்டு எதுவானாலும் அதிலுள்ள ரோம் சிப் சமாளித்துவிடும். செனிக்ஸ் பூட் ஆகும் வரைதான் பயாஸ். அப்புறம் கெர்னல் புரொடெக்டட் மோடுக்கு (பயாஸ் உதவாத 286 இயக்கநிலை) போய், கார்டோடு நேராக போர்ட்டில், அதாவது அதன் முகவரியில், பேசும். அது எதிர்பார்ப்பது 1984-இல் ஐபிஎம் ஏடி-யோடு வந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் கார்டின் அமைப்பை: போர்ட் 1எஃப்0 முதல் 1எஃப்7 வரை (ஹெக்ஸ் எண்கள்), ஐஆர்க்யூ 14 (கார்டு கெர்னலைக் கூப்பிடும் கம்பி). 1991-இல் லினக்ஸை அறிவித்த லைனஸ் டோர்வால்ட்ஸும், ஏடி டிஸ்க் தவிர வேறெதுவும் அதில் ஓடாது என்றே நினைத்தார்.

முதல் படி, கார்டு. 8-பிட் எக்ஸ்டி கார்டு என்றால் கழற்றிவிடுங்கள். அதன் போர்ட்டே வேறு. அந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் வரிசையின் டபிள்யூடி1003 போதும். என் விருப்பம் டபிள்யூடி1006வி-எம்எம்2: 1:1 இன்டர்லீவில் (செக்டர்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து) ஒரு டிராக்கின் 17 செக்டரையும் ஒரே சுற்றில் படித்துவிடும்.

அடுத்து கேபிள். ஃப்ளாப்பி கேபிளும் 34 கம்பிதான், மாட்டினால் உட்காரும், ஆனால் வேலை செய்யாது. ஹார்ட் டிஸ்க் கேபிளில் 25 முதல் 29 வரையுள்ள கம்பிகள் முறுக்கியிருக்கும். ஃப்ளாப்பியில் 10 முதல் 16 வரை. எண்ணிப் பார்த்தே மாட்டுங்கள்.

அடுத்து, சிமாஸில் (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) டிஸ்க் வகை எண். சீகேட் எஸ்டி-225 என்றால் வகை 2: 615 சிலிண்டர், 4 ஹெட். எஸ்டி-251 (820 சிலிண்டர், 6 ஹெட்) ஐபிஎம் பட்டியலில் இல்லை. அதே 6 ஹெட் உள்ள வகை 3-ஐக் கொடுத்துவிட்டு, செனிக்ஸ் நிறுவும்போது வரும் டிகேஇனிட்டில் (டிஸ்க் அளவுகளைக் கேட்கும் நிரல்) உண்மையான எண்களைப் போடுங்கள். ஹெட் எண்ணிக்கை மட்டும் மாறவே கூடாது. பூட் லோடர் பயாஸ் கணக்கில் படிக்கும், கெர்னல் தன் கணக்கில் படிக்கும். ஹெட் மாறினால் இருவரும் வெவ்வேறு செக்டரைத் தேடுவார்கள்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். இஎஸ்டிஐ (இன்னொரு வகை டிஸ்க் இணைப்பு) கார்டு வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்த ரோம் டிராக்குக்கு 63 செக்டர் என்று டாஸுக்குக் காட்டும். தட்டில் இருப்பது 34-ஓ 36-ஓ. பூட் பாதி வந்து அப்படியே நிற்கும். இப்படி எண்ணை மாற்றிக் காட்டும் டிரான்ஸ்லேஷன் ஜம்பரை அணைத்து, லோ-லெவல் ஃபார்மேட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க்கில் சொல்ல ஒன்றுமில்லை. பழுதான இடங்களைக் குறித்துக்கொள்ளும் பேட்டிராக் வந்ததும் டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள பழுதுப் பட்டியலை முதலில் தட்டச்சு செய்யுங்கள், பிறகு ஸ்கேன். சில பழுதான இடங்கள் ஒரே ஸ்கேனில் சிக்காது.

சேர்க்கை: எக்ஸ்டி-ஐடிஇ கார்டில் (8-பிட் ஐடிஇ கார்டு) டிஸ்க்குக்குப் பதில் சிஎஃப் (காம்பேக்ட் ஃப்ளாஷ்) கார்டு மாட்டிய வாசகர்கள் சிலர் டிஸ்க் தெரியவில்லை என்று கேட்டிருந்தார்கள். அதுவும் ரோமை நம்பியிருக்கும் கார்டுதான், போர்ட் வழக்கமாக 300. சாதாரண 16-பிட் ஐடிஇ கார்டுக்கு மாற்றுங்கள். ஐடிஇ 1எஃப்0-இல்தான் இருக்கும், கெர்னலுக்கு டபிள்யூடி1003 போலவே தெரியும். சிலிண்டர் 1024-ஐத் தாண்ட வேண்டாம்.