விசில் இல்லாம அல்டிமேட் சொல்லிக்கொடுக்குறது எப்படி

முதல்ல விசிலை வீட்டுலயே வச்சிட்டு வாங்க. சும்மா சொல்லல, பாக்கெட்ல இருந்தா கை தானா அதுக்குத்தான் போகும், எனக்கு ரெண்டு மாசம் அப்படித்தான் ஆச்சு. அல்டிமேட்ங்கறது ஃபிரிஸ்பீ மாதிரி தட்டை, அதாவது டிஸ்க்கை, எறிஞ்சு பிடிச்சு ஆடுற டீம் விளையாட்டு. அதுல உலகப் போட்டியிலயே ஆடுறவங்கதான் ஃபவுல் கூப்பிடணும், ஆனா நம்ம பசங்க தெரு கிரிக்கெட்ல வளந்தவங்க, அங்க சண்டை வந்தா பேட் ஓனர் சொன்னதுதான் தீர்ப்பு, இங்க டிஸ்க் கொண்டு வர்றது நீங்கங்கறதால எது நடந்தாலும் "சார்ர்ர்"னு உங்க மூஞ்சியதான் பாப்பாங்க. "என்னைக் கேக்காத, அவன்கிட்ட கேளு"ன்னுட்டு தள்ளி நின்னுடுங்க.

ஸ்பிரிட் ஸ்பிரிட்னு, அதாவது நேர்மையா மரியாதையா ஆடணும்னு, லெக்சர் எடுத்தா ஒண்ணும் ஏறாது, வாயத் திறந்து பேசத்தான் பழக்கணும். நான் ஸ்டால் கவுண்ட்ல ஆரம்பிப்பேன், டிஸ்க் கையில இருக்குறவன் எறியுறதுக்கான நேரத்த எண்ணுறது அது. மார்க் பண்றவன், அதாவது எறியுறவனை மறிச்சு நிக்கிறவன், செகண்டுக்கு ஒண்ணா பத்து வரைக்கும் எண்ணணும், பசங்க ரயில் வேகத்துல எண்ணுவாங்க. எறியுறவன் "ஃபாஸ்ட் கவுண்ட்"னு சொன்னா கடைசியா சொன்ன நம்பர்ல ஒண்ணு குறைச்சு தொடரணும், ஆறு சொல்லியிருந்தா அஞ்சு. சின்ன விஷயம், யாருக்கும் ரோஷம் வராது, அதனால கூச்சப்படுற பிள்ளைங்களும் கூப்பிடப் பழகிடும். மிக்ஸ்டு டீம்ல சில பொண்ணுங்க இடிபட்டும் வாயே திறக்காதுங்க, கூப்பிடாம விட்டுக்கொடுக்குறது நல்ல பழக்கம்னு நினைக்க விட்டுடாதீங்க.

அடுத்து ஃபவுல். இடிபட்டவங்க மட்டும்தான் கூப்பிடலாம், பக்கத்துல நின்ன ஃப்ரெண்டு கத்தக்கூடாது. கூப்பிட்டதும் எல்லாரும் அப்படியே நிக்கணும், கூப்பிட்டவன் ஒரு வரி, இடிச்சவன் ஒரு வரி. கேட்ச்ல நடந்த ஃபவுல்னா, இடிச்சவன் ஒத்துக்கிட்டா அந்த இடத்துலயே டிஸ்க் கூப்பிட்டவனுக்கு. ஒத்துக்கலையா, "கான்டெஸ்ட்", டிஸ்க் எறிஞ்சவன் கைக்கே திரும்பிடும், ஆட்டம் தொடரும். யாரு பொய் சொன்னான்னு யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல் இது. பிராக்டிஸ்ல இத வேணும்னே உண்டாக்குங்க: ரெண்டு பேரை ஒரே டிஸ்க்குக்கு ஓட விட்டு, இடிச்சதும், எதிராளி என்ன பாத்திருப்பான்னு அவன் பக்கத்துல இருந்து சொல்லச் சொல்லுங்க. முதல் நாள் சிரிப்பாங்க, மூணாவது நாள் "அண்ணா, அவன் டிஸ்க்கதான் பாத்தான், என்னைப் பாக்கவே இல்ல"னு தானா வரும்.

மேட்ச் முடிஞ்சா ரெண்டு டீமும் கலந்து வட்டமா நிக்கணும், அப்புறம் ஸ்பிரிட் ஸ்கோர், எதிர் டீம் எப்படி நடந்துக்கிச்சுன்னு போடுற மார்க். அஞ்சு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 4. 2ன்னா நார்மல், நல்லா ஆடுனாங்கன்னுதான் அர்த்தம், பசங்க அத எக்ஸாம்ல 50 மார்க் மாதிரி எடுத்துக்கிட்டு மூஞ்ச தொங்கப்போடுவாங்க, முன்னாடியே சொல்லிடுங்க. தோத்த கடுப்புல 0 போட்டா பேப்பரை வாங்கிக்காதீங்க, எந்த பாயின்ட்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டு, தண்ணி குடிச்சிட்டு வந்து திரும்ப எழுதச் சொல்லுங்க.